சிவப்பு மேலங்கியும் சிவப்புக் கொடியும்
கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறத்தை மட்டும் தீட்டிய வரலாறு



ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1993இல் எடுத்த 'ஷின்ட்லர்ஸ் லிஸ்ட்' என்ற திரைப்படத்தை எங்கள் நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் யூத மக்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த பகுதியை ஜேர்மன் படைகள் 1943 மார்ச்சில் அழித்தொழித்த காட்சி அதில் வருகிறது. மூன்று மணி நேரத்துக்கும் அதிகமாக ஓடும் அந்தப் படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கப்பட்டது. துப்பாக்கிச் சத்தங்களுக்கும் ஓலங்களுக்கும் நடுவே ஒரு சின்னஞ்சிறு பெண்பிள்ளை தன்பாட்டில் நடந்து போகிறாள். அவளுடைய மேலங்கி மட்டும் சிவப்பு. குன்றின் மேல் குதிரையில் இருக்கும் ஷின்ட்லரின் கண்கள் அவளைத் தொடர்கின்றன. நாங்களும் தொடர்கிறோம். பிறகு ஒரு நாள் பிணங்களை ஏற்றிச் செல்லும் வண்டியொன்றில் அதே சிவப்பு மீண்டும் தெரிகிறது. அதற்கு மேல் எதுவும் சொல்லப்படுவதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அந்தப் பிள்ளை கற்பனையாக மட்டும் வந்தவள் அல்ல. படத்துக்கு மூலமான தோமஸ் கெனீலியின் 1982ஆம் ஆண்டு நாவலிலும் சிவப்பு உடுத்த சிறுமி இருக்கிறாள். கிராக்கோவில் உண்மையிலேயே சிவப்பு மேலங்கியோடு திரிந்து, உயிர் தப்பி, பிற்காலத்தில் ஓவியராக வாழ்ந்த ரோமா லிகொட்ஸ்கா என்பவர் தமது நினைவுகளை 2000ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தாம் ஏன் அந்த மேலங்கிக்கு மட்டும் நிறம் கொடுத்தார் என்பதை ஸ்பீல்பேர்க் பின்னாளில் விளக்கியிருக்கிறார். யூதர்கள் கொல்லப்படுவது அமெரிக்காவின் மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, சிவப்பு மேலங்கி அணிந்த ஒரு பிள்ளை தெருவில் நடந்து போவதைப் போல அது வெளிப்படையாகத் தெரிந்திருந்தது, இருந்தும் எவரும் எதுவும் செய்யவில்லை என்பதே அந்த விளக்கத்தின் சாரம்.

உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கைவிடப்படுவது என்றால் என்ன என்பதை எங்கள் வீடுகளில் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால்தான் அந்தச் சிவப்பு எங்களில் பலருக்கு மறக்க முடியாததாக இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓரிடத்துக்கு மட்டும் நிறம் கொடுக்கும் வித்தை எப்போது தொடங்கியது, எப்படியெல்லாம் செய்யப்பட்டது, எங்கே அது உண்மைக்குத் துணை நின்றது, எங்கே உண்மையைக் குழப்பியது என்பதை இந்த மாதம் பார்ப்போம். எங்கள் வீட்டு அலுமாரிகளில் இருக்கும் பழைய படங்களுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தூரிகை பிடித்த பெண்கள்

லூமியேர் சகோதரர்கள் பரிஸ் நகரில் கட்டணம் பெற்றுப் படம் காட்டியது 1895 டிசெம்பர் 28ஆம் திகதி. அதே 1895இல் அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் எடுத்த அன்னபெல் என்ற நடன மங்கையின் படத்துக்கு நிறம் தீட்டப்பட்டுவிட்டது. அவள் பாவாடையை விசிறி ஆடும்போது அதன் நிறம் மாறிக்கொண்டே போகும். ஆகவே, சினிமா பிறந்து பல காலத்துக்குப் பிறகே நிறம் வந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பது சரியல்ல. சினிமாவும் நிறமும் ஏறக்குறையக் கூடவே பிறந்தவை. நிறத்தைப் பிடிக்கும் பிலிம்தான் பிந்தி வந்தது. அதுவரை மனிதக் கைகள் அந்த வேலையைச் செய்தன.

அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிலிம் சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப்படத்தையும் பிரேம் என்பார்கள். 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு பிரேமின் அகலம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர், உயரம் 18 மில்லிமீற்றர். பெரிய தபால் முத்திரை அளவுதான். ஊமைப்படக் காலத்தில் ஒரு செக்கனுக்கு 16 பிரேம்கள் அளவில் ஓடின. அப்படியானால் ஒரு நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் தபால் முத்திரைகள். ஒவ்வொன்றிலும் நடிகையின் பாவாடை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், கோட்டைத் தாண்டாமல், மெல்லிய தூரிகையால் சாயம் பூச வேண்டும். வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பதால் சாதாரண வர்ணம் சரிவராது. ஒளி புகும் அனிலின் சாயங்களையே பாவித்தார்கள்.

பரிஸில் எலிசபெத் துயிலியே என்ற பெண்மணி இதற்கென்றே ஒரு தொழிற்கூடம் நடத்தினார். அங்கு வேலை செய்த பெண்களின் தொகை 200க்கும் அதிகம். இரவு முழுவதும் அவர் நிறங்களைத் தெரிவுசெய்து பரீட்சித்துப் பார்ப்பார். பகலில் பெண்கள் வரிசையாக அமர்ந்து தீட்டுவார்கள். ஒருவருக்கு ஒரு நிறம்தான். அவர் தன் நிறத்தை முடித்ததும் சுருள் அடுத்தவரிடம் போகும். ஒரே படத்துக்கு 20க்கும் மேற்பட்ட நிறங்கள் பூசப்பட்டதும் உண்டு. ஜோர்ஜ் மெலியே 1902இல் எடுத்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' என்ற படத்தின் நிறப் பிரதிகளும் இப்படித் தீட்டப்பட்டவையே. சந்திரனின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்கும் காட்சி பலருக்கு நினைவிருக்கும்.

அந்த நிறப் பிரதிகள் எல்லாம் அழிந்துவிட்டன என்றே பல காலம் நம்பப்பட்டது. 1993இல் ஸ்பெயினின் பார்சலோனா நகரிலுள்ள திரைப்படக் காப்பகத்துக்கு, பெயர் தெரிவிக்க விரும்பாத ஒருவர் கொடுத்த சுருள்களில் ஒன்று கிடைத்தது. ஆனால் அது கல்லுப் போல இறுகிக் கிடந்தது. மெல்ல மெல்லப் பிரித்து, துண்டுகளைப் படமெடுத்து, கணினியின் உதவியோடு 13,375 பிரேம்களையும் சீர்செய்து, 2011 மே மாதம் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். அந்தப் பிரதியில் ஒரு வேடிக்கையும் இருந்தது. படத்தில் வரும் கொடிக்கு ஸ்பெயின் நாட்டுக் கொடியின் நிறங்களைத் தீட்டியிருந்தார்கள். ஸ்பெயினில் விற்கப் போகும் பிரதி என்பதால் இந்த ஏற்பாடு. கறுப்பு வெள்ளையில் அது வெறும் கொடி. அதற்கு நாடு கொடுத்தது தூரிகை. இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

வெட்டுத் தகடும் உருட்டும் வெல்வெட்டும்

கையால் தீட்டினால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நிறம் விளிம்பில் நடுங்கும். ஒரு பிரேமில் கொஞ்சம் கூட, அடுத்த பிரேமில் கொஞ்சம் குறைய. அத்துடன் ஒவ்வொரு பிரதியையும் புதிதாகவே தீட்ட வேண்டும். உலகமெங்கும் படம் விற்ற பிரான்சின் பதே நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகவில்லை. ஆகவே 1900களின் நடுப்பகுதியில் அது வேறு வழி கண்டது.

எங்கள் ஊரில் சாக்குமூட்டையிலும் மரப்பெட்டியிலும் கடையின் பெயரைத் தகரத்தில் வெட்டி வைத்து மையைத் தேய்ப்பார்களே, அதே முறைதான். படத்தின் ஒரு பிரதியை எடுத்து, சிவப்பு வர வேண்டிய இடங்களை மட்டும் ஒவ்வொரு பிரேமிலும் வெட்டி நீக்குவார்கள். இன்னொரு பிரதியில் பச்சை வர வேண்டிய இடங்களை வெட்டுவார்கள். நிறத்துக்கு ஒரு வெட்டுப் பிரதி. பெரிதாக்கிக் காட்டப்படும் பிரேமின் விளிம்பை ஒரு பெண் ஊசிமுனையால் தொடர்ந்து போக, அதனுடன் இணைக்கப்பட்ட கருவி சிறிய பிலிமில் அதே கோட்டை வெட்டும். வெட்டிய பிரதியையும் காட்ட வேண்டிய பிரதியையும் ஒன்றன் மேல் ஒன்றாக உருளையில் ஓட விட்டு, சாயத்தில் தோய்ந்த வெல்வெட் பட்டையால் தேய்த்தால், வெட்டிய இடத்தில் மட்டும் நிறம் இறங்கும். வெட்டும் வேலைக்கு மாதங்கள் எடுக்கும். வெட்டி முடிந்ததும் அதைக் கொண்டு எத்தனையோ பிரதிகளுக்கு நிறமிடலாம். இங்கும் வேலை செய்தவர்கள் நூற்றுக்கணக்கான பெண்களே. படத்தின் தொடக்கத்தில் அவர்களின் பெயர்கள் வரவில்லை.

அமெரிக்காவில் மக்ஸ் ஹான்ட்ஷீகல் என்ற செதுக்குத் தொழிலாளர் அச்சுக்கலையில் இருந்து இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். நிறம் வர வேண்டிய பகுதி மட்டும் சாயத்தை உறிஞ்சக்கூடிய ஒரு பிரதியைத் தயாரித்து, அதைக் காட்ட வேண்டிய பிரதியின் மேல் அழுத்திச் சாயத்தை ஒற்றியெடுக்கும் முறை அது. 1916இல் சிசில் டி மில்லின் 'ஜோன் த வுமன்' படத்துக்கு இது பயன்பட்டது. எரிக் வொன் ஸ்ட்ரோஹைம் 1924இல் வெளியிட்ட 'கிறீட்' படத்தில் இந்த முறையால் தங்கத்துக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுக்கப்பட்டது. பொற்காசின் மேல் வைத்த ஆசையால் ஒரு குடும்பம் அழிந்து போகும் கதை அது. மனிதர்கள் சாம்பல் நிறத்தில் நிற்க, காசு மட்டும் மினுங்குகிறது. 1925இல் வந்த 'த பாண்டம் ஒஃப் த ஒப்பரா' படத்தில் கூரையின் மேல் நிற்கும் முகமூடிக்காரனின் போர்வை மட்டும் சிவப்பாகப் பறக்கும்.

இவற்றோடு முழுப் பிரேமையும் ஒரே சாயத்தில் தோய்க்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. இரவு என்றால் நீலம், தீப்பிடித்தால் சிவப்பு, விளக்கொளி என்றால் மஞ்சள். பார்வையாளர்களுக்கு அந்தப் பாஷை பழகிப் போயிருந்தது. 1920களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது பிலிமின் ஓரத்தில் ஒலிப்பதிவுக்கோடு சேர்ந்துகொண்டது. சாயம் அந்தக் கோட்டைக் கெடுத்தது. உண்மையான வர்ணப் பிலிமும் வளர்ந்து வந்தது. இப்படிப் பழைய முறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

108 பிரேம்கள்

அந்த முதல் காலத்தின் புகழ்பெற்ற நிறத்தீட்டல் ரஷ்யாவில் நடந்தது. சேர்கெய் ஐசன்ஸ்டைன் எடுத்த 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' என்ற படம் 1925 டிசெம்பரில் மொஸ்கோவின் பொல்ஷோய் அரங்கில் காட்டப்பட்டது. 1905இல் கப்பல் மாலுமிகள் செய்த கிளர்ச்சியே கதை. கிளர்ச்சி வென்றதும் பாய்மரக் கம்பத்தில் கொடி ஏறுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தக் கொடி மட்டும் சிவப்பு.

இதில் ஒரு தொழில்நுட்பச் சங்கதி இருக்கிறது. அன்றைய பிலிமுக்குச் சிவப்பு ஒளி சரியாகப் பதியாது. சிவப்புக் கொடியைப் படமெடுத்தால் அது கறுப்புக் கொடியாகத்தான் தெரியும். புரட்சியின் கொடி கறுப்பாகத் தெரிந்தால் கதையே மாறிவிடும் அல்லவா? ஆகவே வெள்ளைக் கொடியை ஏற்றிப் படமெடுத்தார்கள். பிறகு 108 பிரேம்களில் ஐசன்ஸ்டைன் தம் கையாலேயே சிவப்பைத் தீட்டினார். திரையில் அது சில செக்கன்கள்தான்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான விஷயம். கமெராவின் முன் இருந்தது வெள்ளைக் கொடி. பார்த்தவர்களுக்குக் கிடைத்தது சிவப்புக் கொடி. ஆனால் வரலாற்றின்படி சிவப்புத்தான் சரி. அதாவது கமெரா சொல்ல முடியாத ஒன்றை, தெரிந்த ஒருவர் கை சேர்த்தது. பிற்காலத்தில் உலகெங்கும் ஓடிய பல பிரதிகளில் அந்தச் சிவப்பு இருக்கவில்லை. 2005இல் பேர்லினில் காட்டப்பட்ட சீர்செய்யப்பட்ட பிரதியில் கொடி மீண்டும் சிவந்தது.

மீனும் புகையும்

வர்ணப் படங்கள் எங்கும் பெருகிய பின்னர் ஒரு நிறத்தை மட்டும் காட்டுவது அவசியத்தால் அல்ல, விருப்பத்தால் செய்யும் வேலை ஆயிற்று. யப்பானில் அகிரா குரோசாவா 1963இல் எடுத்த 'ஹை அன்ட் லோ' படம் ஒரு பிள்ளைக் கடத்தல் கதை. பணம் வைத்த பெட்டியைக் கடத்தல்காரன் எரித்தால் நிறப் புகை வரும்படி பொலிசார் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நகரத்தின் கூரைகளுக்கு மேலே ஒரு புகைபோக்கியில் இருந்து இளஞ்சிவப்புப் புகை எழும்புகிறது. முழுப் படத்திலும் அது ஒன்றுதான் நிறம். துப்புத் துலங்கிவிட்டது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் பார்வையாளர் அறிந்துகொள்கிறார்.

1983இல் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 'ரம்பிள் ஃபிஷ்' என்ற படத்தில் சண்டை மீன்களுக்கு மட்டும் நிறம் கொடுத்தார். நடிகர்களைக் கறுப்பு வெள்ளையில் முன்பே படமெடுத்து, அதைத் திரையில் பின்புறமிருந்து ஒளி பாய்ச்சிக் காட்டி, திரைக்கு முன்னால் மீன் தொட்டியை வைத்து, இரண்டையும் சேர்த்து வர்ணப் பிலிமில் எடுத்தார்கள். தூரிகையும் இல்லை, கணினியும் இல்லை. கதையில் வரும் அண்ணன்காரனுக்கு நிறங்கள் தெரியாது. அவன் உலகம் சாம்பல்.

கணினி வந்த பின்

'ஷின்ட்லர்ஸ் லிஸ்ட்' காலத்தில் கணினி இந்த வேலைக்கு வந்துவிட்டது. பிரேமுக்குப் பிரேம் மேலங்கியின் விளிம்பைக் கோடு கீறிப் பிரித்தெடுத்து, அதற்குள் மட்டும் நிறத்தை நிறுத்துவார்கள். விளிம்பைத் தொடரும் இந்த வேலையின் மூதாதை, மக்ஸ் ஃபிளைஷர் 1910களில் கண்டுபிடித்து உரிமம் பெற்ற ரோட்டோஸ்கோப் என்ற கருவி. நடிகரின் அசைவைப் பிரேம் பிரேமாகக் கண்ணாடியில் காட்டி வரைந்தெடுக்கும் கருவி அது. தூரிகை மாறினாலும், ஒவ்வொரு பிரேமாக உட்கார்ந்து விளிம்பு பார்க்கும் பொறுமை மாறவில்லை. துயிலியே அம்மையாரின் தொழிற்கூடத்துப் பெண்கள் வந்து பார்த்தால் இந்த வேலை அவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

1998இல் வந்த 'பிளெசன்ட்வில்' படம் எதிர்த்திசையில் போனது. முழுவதையும் வர்ணத்தில் எடுத்து, கணினியில் ஏற்றி, வேண்டாத இடங்களில் நிறத்தை உறிஞ்சி எடுத்தார்கள். நிறம் சேர்ப்பதை விட நிறத்தை அகற்றுவது இலகு. ஏனென்றால் அசல் நிறம் ஏற்கனவே பிலிமில் இருக்கிறது. அந்தப் படத்தில் ஒரு கறுப்பு வெள்ளை ஊர் மெல்ல மெல்ல நிறம் பெறுகிறது. நிறம் பெற்றவர்களை மற்றவர்கள் ஒதுக்குகிறார்கள். கடை வாசலில் அவர்களுக்கு இடமில்லை என்று எழுதி வைக்கிறார்கள். இந்தக் கதை எதைப் பற்றியது என்று எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லத் தேவையில்லை.

யார் அனுமதி கொடுத்தது?

இதுவரை சொன்னவை எல்லாம் படத்தை எடுத்தவர்களே நிறம் சேர்த்த கதைகள், அல்லது அவர்களுடைய காலத்தில் அவர்களுக்காகச் செய்யப்பட்டவை. 1980களில் பிரச்சினை வேறு விதமாக எழுந்தது. கனடாவைச் சேர்ந்த வில்சன் மார்க்கிள் என்பவர் கணினியின் உதவியோடு கறுப்பு வெள்ளைப் படம் முழுவதற்கும் நிறமூட்டும் முறையை உருவாக்கினார். ரொறன்ரோவில் இதற்காக ஒரு நிறுவனமும் இயங்கியது. 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதிபர் டெட் டேர்னர் பெருந்தொகைப் பழைய படங்களின் உரிமையை வாங்கி, ஒவ்வொன்றாக நிறமூட்டி ஒளிபரப்பத் தொடங்கினார். 1988இல் 'கசாபிளாங்கா' படமும் நிறம் பெற்றது. ஓர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' மட்டும் தப்பியது. அவருடைய பழைய ஒப்பந்தத்தின் வாசகங்கள் இடம் கொடுக்கவில்லை.

இயக்குநர்கள் கொதித்தெழுந்தார்கள். முதுமையிலும் கடும் சுவாச நோயிலும் இருந்த ஜோன் ஹியூஸ்டன் பகிரங்கமாக எதிர்த்தார். 1987இல் அவர் காலமானார். அவர் 1950இல் எடுத்த 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' படத்தின் நிறமூட்டிய பிரதியைப் பிரான்சில் ஒளிபரப்ப முயன்றபோது, அவருடைய பிள்ளைகளும் திரைக்கதை ஆசிரியர் பென் மடோவும் வழக்குத் தொடர்ந்தார்கள். 1991 மே 28ஆம் திகதி பிரான்சின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. படத்தை விற்கும் உரிமை யாரிடம் இருந்தாலும், படைப்பாளிக்குத் தன் படைப்பின் மேல் உள்ள தார்மீக உரிமை பறிபோகாது என்பதும், அவர் எந்த நாட்டவர் என்றாலும் பிரான்சில் அது செல்லும் என்பதும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அமெரிக்காவிலும் இந்தச் சர்ச்சையே 1988ஆம் ஆண்டின் திரைப்படப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆண்டுக்கு 25 படங்கள் வரை தேசியப் பதிவேட்டில் சேர்க்கவும், அவற்றை மாற்றினால் மாற்றியதாகப் பார்வையாளருக்கு அறிவிக்கவும் அது சொன்னது.

இந்தியாவிலும் இது நடந்தது. 1960இல் வெளிவந்த 'முகல்-ஏ-ஆசம்' பெரும்பகுதி கறுப்பு வெள்ளையாகவும் கண்ணாடி மாளிகைப் பாடல் முதலிய சில பகுதிகள் வர்ணமாகவும் எடுக்கப்பட்டது. 2004இல் முழுவதும் நிறமூட்டப்பட்டுத் திரைக்கு வந்தது. தமிழில் 1958இல் எம்.ஜி.ஆர். எடுத்த 'நாடோடி மன்னன்' படத்தின் பிற்பகுதி வர்ணத்தில் வரும். அது பிறகு தீட்டியது அல்ல. வர்ணப் பிலிமின் விலை காரணமாகப் பல தயாரிப்பாளர்கள் அந்தக் காலத்தில் சில காட்சிகளை மட்டும் வர்ணத்தில் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளை திடீரென்று வர்ணமாக மாறியபோது தியேட்டரில் எழுந்த ஆரவாரத்தை எங்கள் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சாம்பலுக்குள் நிறம் இருக்கிறதா?

இனி அடிப்படையான ஒரு கேள்விக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் பழைய நிறம் ஒளிந்திருக்கிறதா? அதைத் தேடிப் பிடிக்க முடியுமா?

முடியாது என்பதுதான் பொதுவான பதில். கறுப்பு வெள்ளைப் பிலிம் பதிவது வெளிச்சத்தின் அளவை மட்டும். ஒரு பச்சைச் சேலையும் ஒரு சிவப்புச் சேலையும் ஒரே சாம்பலாகப் பதியலாம். அந்தச் சாம்பலைப் பார்த்து எது எதுவென்று மனிதராலும் சொல்ல முடியாது, இயந்திரத்தாலும் சொல்ல முடியாது. இதற்கு அரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. பிரித்தானியத் தொலைக்காட்சியின் சில வர்ண நிகழ்ச்சிகளின் அசல் நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த கறுப்பு வெள்ளைப் பிலிம் பிரதிகளே மிஞ்சின. வர்ணச் சமிக்ஞையின் தடயம் நுண்ணிய புள்ளிகளாக அந்தப் பிலிமில் பதிந்திருந்தது. அதைப் படித்து மீட்ட 'டாட்ஸ் ஆர்மி' நிகழ்ச்சியின் ஒரு பாகத்தை பிபிசி 2008 டிசெம்பரில் ஒளிபரப்பியது. அது மீட்பு. மற்றவை எல்லாம் அறிவு, அல்லது ஊகம்.

அறிவால் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு பீற்றர் ஜாக்சனின் 'தே ஷால் நொட் குறோ ஓல்ட்' நல்ல உதாரணம். முதலாம் உலகப் போரின் முடிவின் நூற்றாண்டையொட்டி 2018இல் வெளிவந்தது. பிரித்தானியப் போர் அருங்காட்சியகத்தில் இருந்த ஏறத்தாழ 100 மணி நேரப் படங்களையும் 600 மணி நேரக் குரல் பதிவுகளையும் ஆராய்ந்தார்கள். சீருடைகளையும் போர்க்களத்து மண்ணையும் புல்லையும் நேரில் பார்த்து நிறம் தெரிவுசெய்தார்கள். வாய் அசைவைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு படை வீரர்கள் என்ன பேசினார்கள் என்றும் கண்டுபிடித்தார்கள். அப்படியிருந்தும் அசல் படத்தில் கை வைக்கலாமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அசல் பிலிம் அருங்காட்சியகத்தில் அப்படியே இருக்கிறது என்பது அதற்கு ஒரு பதில்.

ஊகத்தால், அதுவும் மனம்போன போக்கில் செய்தால் என்னவாகும் என்பதற்கு 2021இல் ஒரு கசப்பான உதாரணம் கிடைத்தது. கம்போடியாவில் பொல்பொட் ஆட்சியின்போது புனோம்பென் நகரின் துவோல் ஸ்லெங் சிறையில் 10,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கொல்வதற்கு முன் அவர்களை ஒவ்வொருவராகப் படமெடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் சிலவற்றுக்கு ஐரோப்பியக் கலைஞர் ஒருவர் நிறமூட்டினார். அவற்றை ஓர் இணைய ஊடகம் வெளியிட்டது. பிறகுதான் தெரிய வந்தது, நிறத்தோடு அவர் நிற்கவில்லை, சிலருடைய முகங்களில் புன்னகையையும் சேர்த்திருக்கிறார் என்று. இறந்தவர்களின் உறவினர் கொதித்தார்கள். கம்போடிய கலாசார அமைச்சு கண்டித்தது. ஊடகம் அந்தப் படங்களை நீக்கியது.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில் இருக்கும் அந்தக் கருகிய சுவர்களுக்கு ஒருவர் செந்நிறத் தீயைத் தீட்டினால் சுவரொட்டிக்கு அது எடுப்பாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் இருந்து அது சாட்சி இல்லை, சித்திரம். நடந்ததை மறுக்கக் காத்திருப்பவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இந்தப் படம் மாற்றப்பட்டது என்று அவர்கள் சொல்வார்கள். அது பொய்யாகவும் இருக்காது. எங்கள் மேல் நிகழ்ந்தவற்றின் படங்கள் ஒரு நாள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படலாம். அவற்றை எடுத்தபடியே வைத்திருப்பது எங்கள் கடமை.

எங்கள் வீட்டுப் படங்கள்

அப்படியானால் வீட்டுப் படங்களுக்கு நிறமூட்டுவது பிழையா? இல்லை. ஊரில் இருந்த ஸ்ரூடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் சேலைக் கரையில் கொஞ்சம் பொன்னிறமும் தீட்டிக் கொடுப்பது வழக்கமாகவே இருந்தது. அன்றைக்கு அது அன்போடு செய்த வேலை. இன்றைக்கு அதே வேலையைக் கைத்தொலைபேசி சில செக்கன்களில் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். ஸ்ரூடியோக்காரர் மணப்பெண்ணை நேரில் பார்த்தவர். தொலைபேசி பார்க்கவில்லை. லட்சக்கணக்கான வேறு படங்களைப் பார்த்துப் பழகிய கணினி, இப்படியான சாம்பல் பெரும்பாலும் என்ன நிறமாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. நிச்சயமில்லாதபோது மங்கிய மண்ணிறத்தைப் பூசிவிடுகிறது. அம்மம்மாவின் சிவப்புக் கூறை மண்ணிறமாகிவிடும். எங்கள் தோலின் நிறத்தையும் அந்த ஊகமே தீர்மானிக்கிறது. பார்சலோனாப் பிரதியில் கொடிக்கு நாடு மாறியது போல, அடுத்த தலைமுறைக்கு அம்மம்மாவின் கலியாணம் வேறு நிறத்தில் போய்ச் சேரும். அவர்கள் அதை உண்மை என்றே நம்புவார்கள்.

எங்களில் பல குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது இரண்டோ மூன்றோ படங்கள்தான். இடம்பெயர்ந்து ஓடும்போது பாஸ்போட்டோடும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் மடித்து வைத்துக் கொண்டுவந்தவை. சிலருக்கு அதுவும் இல்லை. ஆகவே சில நடைமுறை யோசனைகளோடு முடிக்கிறேன்.

முதலாவது, மூலப் படத்தை நல்ல தெளிவாக ஸ்கேன் செய்து, அதில் எந்த மாற்றமும் செய்யாமல் இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள். பழைய 8 மில்லிமீற்றர் பிலிம் இருந்தால் அதையும் அப்படியே செய்யுங்கள். பிலிமை எறிந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, நிறமூட்ட விரும்பினால் பிரதியில் மட்டும் செய்யுங்கள். இது பின்னர் நிறமூட்டப்பட்டது என்று படத்திலேயே அல்லது கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. நிறமூட்டுவதற்கு முன் கேளுங்கள். கூறை என்ன நிறம், வீட்டுக் கதவுக்கு என்ன பெயின்ற் அடித்திருந்தது, ஐயாவின் சைக்கிள் கறுப்பா பச்சையா, தம்பி போட்டிருந்த சட்டை எங்கே வாங்கியது என்று கேளுங்கள். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதையும் குறித்து வையுங்கள். ஒரு நிறம் மட்டும் நிச்சயமாகத் தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் தீட்டி, மற்றவற்றைச் சாம்பலாகவே விடுங்கள். தெரியாததைத் தெரியாததாக வைத்திருக்கும் அந்தப் படமே நேர்மையான படம்.

பிலிமில் பதியாத அந்த நிறங்கள் இன்றைக்கு எங்கள் பெரியவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அல்லது ஒரு தொலைபேசி அழைப்புத் தூரத்தில் இருக்கிறார்கள். இந்த வார இறுதியில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் இருங்கள்.